நோட்டரி முத்திரை: எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது?

கேள்வி: ஐயா, என் தந்தையால் நடக்க முடியாது. பிரமாணப் பத்திரத்தில் வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் நோட்டரி சான்றளிப்பாரா?

பதில்: அளிக்கவே கூடாது. உரியவர் நேரில் வந்து, உறுதிமொழி கூறி, தம் கண்முன்னே கையெழுத்திட்டார் என்பதுதான் நோட்டரி தரும் சான்று. ஆளைப் பார்க்காமல் முத்திரை குத்தினால் அந்தச் சான்றே பொய். “எந்த நோட்டரி முன் கையெழுத்திட்டீர்கள்?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பெரியவர் என்ன சொல்வார்? அவரை அந்த நிலைக்கு ஆளாக்காதீர்கள். நோட்டரியை வீட்டுக்கு அழையுங்கள். போக்குவரத்துச் செலவு வாங்கிக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன. அதுவரை கையெழுத்திடும் இடம் காலியாகவே இருக்கட்டும்.

கேள்வி: பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு பதிவேட்டிலும் கேட்கிறார்களே?

பதில்: தயங்காமல் போடுங்கள். 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி அந்தப் பதிவேட்டை நோட்டரி வைத்திருந்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். பதிவேட்டை எடுக்காத நோட்டரியிடம்தான் எச்சரிக்கை தேவை.

கேள்வி: 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி சான்றுடன் மனை வாங்கினேன். பட்டா மாற்றலாமா?

பதில்: மனை இன்னும் சட்டப்படி உங்களுடையது ஆகவில்லை. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள மனைக்குக் கிரயம் பதிவாக வேண்டும். கையெழுத்து யாருடையது என்பதற்கு மட்டுமே நோட்டரி பொறுப்பு. விற்றவருக்கு அந்த மனை சொந்தமா என்று அவர் சான்று சொல்வதில்லை. உடனே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், விற்றவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று கிரயத்தை முடியுங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரிடமும் நீங்கள் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: உயிலுக்கு நோட்டரி கட்டாயமா?

பதில்: இல்லை. எழுதியவர் கையெழுத்திட்டதைக் கண்ட இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும்.

கேள்வி: அண்ணன் சிங்கப்பூரில், அக்கா மதுரையில். இருவரும் நோட்டரி முன் பவர் எழுதிக் கொடுத்தால் அவர்கள் சார்பில் நான் பத்திரப் பதிவுக்குப் போகலாமா?

பதில்: அண்ணன் தருவது செல்லும். வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ எழுதிக் கொடுக்கலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். உள்நாட்டில் இருக்கும் அக்காவுக்கு அந்த வழி இல்லை. பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி அவர் சார்பதிவாளர் முன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.