டிரம்மர் எழுதிய வரியில் பாடகர் திணறினால்

உங்கள் இசைக்குழுவில் நால்வரும் சேர்ந்து ஒரே பாட்டுக்கு வரி எழுதுவது சரிவரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாட்டுக்கு ஒருவரே எழுதட்டும். சொல்லை மாற்றும் உரிமை மட்டும் பாடுபவருக்கு. நால்வரும் ஆளுக்கு நாலு வரி எழுதுவதை விட்டுவிடுங்கள்.

டிரம்மர் எழுதினால் மட்டும் பாடகர் திணறுகிறார் என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் கருத்தில் இருக்காது, அசையில்தான் இருக்கும். நீட்ட வேண்டிய இடத்தில் 'விட்டு', 'கெட்டு' என்று வந்தால் குரல் அங்கேயே முட்டி நிற்கும். மெட்டை 'தானா தனனா' என்று பாடகரே போனில் பதிந்து தரட்டும். 'தா' விழும் இடத்தில் நெடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரம்மரை ஒதுக்கிவிடாதீர்கள். கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழுவின் பெரும்பாலான வரிகள் டிரம்மர் நீல் பியர்ட் எழுதியவை. பாடியவர் கெடி லீ.

அப்புறம், ராயல்டியில் (பாட்டிலிருந்து வரும் வருமானத்தில்) யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்பே எழுதிவையுங்கள். இரண்டு சொல் திருத்தியவரும் பங்கு கேட்பார்.