டீசல் பிக்கப்ல கீழ் ஆர்பிஎம் இழுவை முக்கியமா, கிரவுனும் (பின் ஆக்ஸில்ல இருக்குற பெரிய பல்சக்கரம்) கியர்பாக்ஸும் தாங்குறது முக்கியமா?

ரீமேப், அதாவது இஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங்க மாத்தி இழுவைய கூட்டுறது, பண்ணலாமான்னு வேற கேட்டிருக்கீங்க, அதனால தான் எழுதுறேன். மலைக்கு தான் வண்டி எடுக்கப் போறீங்க போல. பேப்பர்ல மஹிந்திரா பொலிரோ பிக்கப்புக்கு இழுவை 200 நியூட்டன் மீட்டர், டாடா யோதாவுக்கு 250, ரெண்டுமே கீழயே, அதாவது இஞ்சின் மெதுவா சுத்தும்போதே, நல்லா இழுக்கும். நம்பர மட்டும் பாத்து எடுக்காதீங்க.

நான் காரவள்ளியிலருந்து கொல்லிமலைக்கு சிமெண்ட் ஏத்துறவன், 70 கொண்டை ஊசி வளைவு. என் வண்டி எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், தப்பு வண்டி மேல இல்ல. ஒருத்தர் லேப்டாப்ப மாட்டி இழுவைய ஏத்தித் தர்றேன்னாரு, சரின்னுட்டேன். ரெண்டு வாரம் ராஜா மாதிரி ஏறுச்சு. மூணாவது வாரம் ஒரு வளைவுல எதிர்ல பஸ் வந்துச்சுன்னு நின்னேன், மறுபடி எடுக்கும்போது ஒண்ணாம் கியர்ல கிளட்ச்ச பட்டுனு விட்டேன், பின்னாடி டொக்குன்னு ஒரு சத்தம். இஞ்சின் உறுமுது, வண்டி பின்னாடி உருளுது. பையன் குதிச்சு சக்கரத்துக்கு கல்லு வச்சுட்டு குனிஞ்சு பாத்தான், "அண்ணே, ஷாஃப்ட்டு சுத்துது, வீலு சுத்தலண்ணே".

பின் ஆக்ஸில் ஹவுசிங்கத் தொறந்தா ஆயிலோட பினியன் (கிரவுன சுத்தி விடுற சின்ன பல்சக்கரம்) பல்லு மூணு விழுந்துச்சு, கொட்டப்பாக்கு சைஸ்ல. மெக்கானிக் அண்ணன் கணக்கு சொன்னாரு: 200ங்கிறது ஒண்ணாம் கியர்ல நாலு மடங்கு, கிரவுன்ல திரும்ப நாலு மடங்குன்னு வச்சுக்க, ஆக்ஸிலுக்கு 3000க்கு மேல போகுது, அதனால தான் கம்பெனிக்காரன் கீழ டீசல அளந்து விடுறான், நீ காசு குடுத்து அந்தக் கடிவாளத்த அவுத்துட்ட. அமெரிக்காவுல ராம், ஃபோர்டு பெரிய டீசல் பிக்கப்புல 1000 பவுண்ட்-அடி (நம்ம கணக்குல 1350 நியூட்டன் மீட்டர் கிட்ட) இழுவை இருந்தாலும் ஒண்ணாம் கியர்ல கம்ப்யூட்டரே அடக்கி தான் வாசிக்கும்.

ஓவர்லோடு தானேன்னு கமெண்ட்ல வருவீங்க. ஆமா, பத்து மூட்டை கூட தான். ஆனா ரீமேப்புக்கு முன்னாடி நாலு வருஷம் அதே லோடு தான் ஏத்துனேன்.

இதுல கொடுமை, மறுநாள் கீழ எறக்க வேண்டிய பலாப்பழம் வேற வண்டியில லேட்டா போச்சு, மண்டியில பழுத்துருச்சுன்னு பாதி ரேட்டு போட்டாங்க. கமிஷன மட்டும் முழுசா புடிச்சாங்க, கேட்டா "அது வழக்கம்"ங்கிறாங்க.

நீங்க ரீமேப் பக்கம் போகாதீங்க. வளைவுக்கு முன்னாடியே ஒண்ணாம் கியருக்கு வந்துருங்க, கிளட்ச்ச மெதுவா விடுங்க, ஹவுசிங் ஆயில டைமுக்கு மாத்துங்க.