ஆங்கிலச் சொல்வளம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி, இப்போது ஆங்கிலவழியில் அறிவியல் பிரிவு. போட்டித் தேர்வுக்கான 3000 ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு புத்தகம் வாங்கி, தினமும் 20 சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்கிறேன். ‘சி’ எழுத்துக்கு வருவதற்குள் ‘ஏ’ மறந்துவிட்டது. ஆங்கில நாளிதழின் தலையங்கம் இன்னும் புரியவில்லை. ஒரு விஞ்ஞானியைப் பாராட்டி எழுதிய கட்டுரையில் ‘நொட்டோரியஸ்’ என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். அகராதியில் ‘பேர்போன’ என்றுதான் போட்டிருந்தது. எனக்கு ஞாபகசக்தி குறைவா? எப்படிப் படிக்க வேண்டும்?

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. அகரவரிசையில் படித்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். ‘அவர்ஸ்’ (விருப்பமில்லாத), ‘அவர்ட்’ (வராமல் தடு) இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எழுத்திலும் ஒலியிலும் ஒட்டி நிற்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். எதிர்ச்சொற்களை ஜோடி ஜோடியாகப் படித்தாலும் இதே குழப்பம் வரும். முதலில் ஒன்றை உறுதியாகப் பிடியுங்கள், அதன் ஜோடியைச் சில வாரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரிய சொல்லையும் அன்றாடச் சொல்லையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. ‘அப்ஸ்டீமியஸ்’ (உணவிலும் குடியிலும் அளவோடு இருக்கும்) வருடக்கணக்கில் உங்கள் கண்ணில் படாமலே போகலாம். ‘அஸ்யூம்’ உங்கள் இயற்பியல் பாடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களும் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுக்காக இப்படி அரிய சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போட்டவர்கள்தான். 2016இல் அந்தத் தேர்வு மாற்றப்பட்டபோது கோடிட்ட இடத்தை அரிய சொல்லால் நிரப்பும் கேள்விகள் நீக்கப்பட்டன. பத்தியின் நடுவே வரும் நடுத்தரச் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்கும் முறைக்கு முக்கியத்துவம் வந்தது.

உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த நடுத்தரச் சொற்கள். அடிப்படையான இரண்டாயிரம் சொற்கள் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும். அதற்கு அடுத்த படிக்கு ஒரு நல்ல பட்டியல் இருக்கிறது. நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட ‘அகடமிக் வேர்ட் லிஸ்ட்’ அது. அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) பத்துப் பிரிவுகளாக உள்ளன, அதிகம் பயன்படுபவை முதல் பிரிவில். எந்தத் துறையின் பாடநூலிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளுக்கு 5 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்று எடுத்தால் 23 வாரத்தில் முடிந்துவிடும். 20 சொல் வேண்டவே வேண்டாம். புதிய சொல் கூடக்கூடப் பழையதைத் திருப்பிப் பார்க்க நேரம் இல்லாமல் போகும், மறதி அங்கேதான் தொடங்குகிறது. மீதி இரண்டு நாளும் பழைய சொற்களுக்கே.

தலையங்கம் புரியாததற்குக் காரணம் வேறு. பல இடங்களில் உங்களைத் தடுப்பது நீங்கள் ‘தெரியும்’ என்று தாண்டிப்போகும் சொற்கள். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று நமக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் ‘அரசு இந்தப் பிரச்சினையை அட்ரஸ் செய்ய வேண்டும்’ என்று தலையங்கம் எழுதும்போது, அதைக் கையில் எடுத்துத் தீர்வு தேட வேண்டும் என்று பொருள். ‘தி கோர்ட் ஹெல்ட்’ என்றால் நீதிமன்றம் தீர்ப்பில் இவ்வாறு கூறியது என்று அர்த்தம். ‘மெயின்டெய்ன்’ சில இடங்களில் பராமரிப்பதைக் குறிக்காது, ஒருவர் தன் கருத்தை விடாமல் வலியுறுத்துவதைச் சொல்லும். ‘சாங்ஷன்’ கடன் விஷயத்தில் அனுமதி, வெளியுறவுச் செய்தியில் பொருளாதாரத் தடை. இவை எந்தக் ‘கடினச் சொல்’ புத்தகத்திலும் முதலிடத்தில் இருக்காது. தெரிந்த சொல் ஒரு வாக்கியத்தில் பொருந்தாமல் உறுத்தினால் அங்கே நில்லுங்கள், அகராதியில் அதன் இரண்டாவது மூன்றாவது பொருளையும் பாருங்கள்.

எதைப் படிப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கட்டுரையின் முதல் 100 சொற்களை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் துணையில்லாமலே படிக்கலாம். ஐந்து வரை அகராதியோடு படிக்கலாம். அதற்கு மேல் போனால் இப்போதைக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். தலையங்கம் ஒதுங்கினால் விளையாட்டுச் செய்தி, அறிவியல் செய்தி என்று இறங்கி வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஊகிக்கச் சுற்றிலும் தெரிந்த சொற்கள் இருந்தால்தான் புதிய சொல் ஒட்டும்.

சொல்லை வெறும் பொருளோடு எழுதி வைக்காதீர்கள். கால் பக்க அளவு அட்டை போதும். முன்பக்கத்தில் நீங்கள் படித்த வாக்கியத்தையே எழுதி, அந்தச் சொல்லை மட்டும் எழுதாமல் அங்கே வெற்றுக் கோடு போடுங்கள், கீழே அந்த இடத்துக்கான தமிழ்ப் பொருள். பின்பக்கத்தில் சொல், அதன் உச்சரிப்பு, அது யாரோடு சேர்ந்து வரும் என்பது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. முடிவை ‘மேக்’ செய்வார்கள், குற்றத்தை ‘கமிட்’ செய்வார்கள். இதற்கு விதி கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, சேர்த்தே பழக வேண்டும்.

அட்டையின் ஓரத்தில் ஒரு குறியும் போடுங்கள், நல்ல தொனியில் வரும் சொல்லுக்குக் கூட்டல், கெட்ட தொனியில் வருவதற்குக் கழித்தல். ‘நொட்டோரியஸ்’ உங்களை ஏமாற்றியது அங்கேதான். தமிழில் ‘பேர்போன’ என்பது நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். ஆங்கிலச் சொல்லோ கெட்ட பெயருக்கு மட்டும். தமிழ்ப் பொருள் பார்ப்பது தவறே இல்லை, அது வேகமான வழி. ஆனால் அதற்குப் பின் மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றில் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பாருங்கள். லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் தருகிறது, உங்களுக்குப் புரியும்.

உச்சரிப்பை எழுத்தை வைத்து ஊகிக்காதீர்கள். நுட்பமான என்று பொருள்படும் ‘சட்டில்’ என்ற சொல்லின் நடுவில் உள்ள ‘பி’ ஒலிக்காது. தவறான ஒலியோடு மனதில் பதிந்த சொல்லை நாளை யாராவது பேசும்போது உங்கள் காது அடையாளம் காணாது. இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் போதும்.

திருப்பிப் பார்க்க ஐந்து அறைகள் உள்ள ஒரு பெட்டி. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, அடுத்தவை ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். அட்டையைப் புரட்டும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பார்த்ததும் ‘ஆமாம், தெரியும்’ என்று தோன்றுவது கணக்கில் வராது. செல்பேசி கையில் இருந்தால் ‘அன்கி’ என்ற செயலி இதையே செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம்.

கட்டுரையில் புதிய சொல்லைப் புகுத்த அவசரப்பட வேண்டாம். ‘ஸ்டார்ட்’ போதும் இடத்தில் ‘கமென்ஸ்’ போட்டால் மதிப்பு கூடாது. ஒரு சொல்லை மூன்று நான்கு வெவ்வேறு இடங்களில் படித்த பிறகு எழுதுங்கள்.

பொதுத்தேர்வு இதிலிருந்து தனி. பிளஸ் டூ ஆங்கிலத் தாளின் 90 மதிப்பெண்ணில் இணைச்சொல்லுக்கு 3, எதிர்ச்சொல்லுக்கு 3. அவை உரைநடைப் பாடங்களின் வாக்கியங்களிலிருந்தே எடுக்கப்படும். அதற்குப் பாடநூலில் உள்ள சொற்பட்டியலை மட்டும், பாடம் நடக்கும் வாரத்திலேயே அட்டையாக்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்