இன்சார்ஜ் சிஸ்டரை விடுங்கள், செக்கைக் கவனியுங்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 மாதமாக ஸ்டாஃப் நர்ஸ். முப்பது நோயாளிகளுக்கு இரவில் நான் ஒருத்திதான். இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் திட்டுவார். ஒருநாள் கேஸ் ஷீட்டை முகத்தில் எறிந்தார். பத்து நாளாக வேலைக்குப் போகாமல் ஏற்காட்டில் வீட்டிலேயே இருக்கிறேன். சேரும்போது இரண்டு வருட பாண்டு (இடையில் விலகினால் ஒரு லட்சம்), ஒரிஜினல் சான்றிதழ்கள், அப்பா கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் வாங்கினார்கள். அந்த சிஸ்டர் மீது மானநஷ்ட வழக்கு போடலாமா?

பதில்: போடலாம், ஜெயிக்க மாட்டீர்கள். டியூட்டி ரூமில் உங்களோடு சேர்ந்து அழுத பெண்கள் சாட்சிக்கு வர மாட்டார்கள். அவர்கள் சான்றிதழும் அதே பீரோவில்தான் இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வசவுக்கு அப்படி ஒன்று கிடையாது.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தச் செக்தான் விஷயம்.

பாண்டுக்குப் பயப்பட வேண்டாம். வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான். ஒரு லட்சம் என்பது உச்சவரம்பு. அதற்காக சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய நிர்வாகத்துக்கும் விருப்பமில்லை. நர்ஸ் கிடைக்காத காலத்தில் இருக்கிற ஆளும் போய்விடாமல் இருக்கத்தான் செக் வாங்குகிறார்கள். தொகையை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கூண்டில் நிற்கப்போவது நீங்கள் அல்ல, அப்பா.

"பணம் தர வேண்டாம்னு பேங்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாச்சு சார்" என்று நிம்மதியாக வந்து உட்காரும் கட்சிக்காரர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. அதற்கும் 138-தான். தொகையை நாங்கள் எழுதவில்லையே என்பதும் எடுபடாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும், கடனுக்காகத்தான் கொடுத்தது என்ற சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. இதைவிட மோசம், வக்கீல் நோட்டீஸ் வந்தால் தபால்காரரைத் திருப்பி அனுப்புவது. வாங்க மறுத்தாலும் வாங்கியதாகவே கணக்கு. பணம் கட்டத் தரும் 15 நாள் அப்படியே ஓடிவிடும்.

பத்து நாள் சும்மா இருந்ததே அவர்களுக்குச் சாதகம். இன்றே ஸ்பீடு போஸ்டில் ராஜினாமா அனுப்புங்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி இரவில் எத்தனை நோயாளிகள் என்பதையும், செக் எண்ணையும், அது பாதுகாப்புக்காக வெற்றாகக் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

பிறகு சமரசம் பேசுங்கள். மிச்சம் பத்து மாதம். ஒரு லட்சத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால், அதற்குக் கணக்குப்படி 41,667 ரூபாய். முப்பதாயிரத்தில் ஆரம்பியுங்கள். சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லைதான், ஆனால் வழக்குப் போட்டு வாங்குவதற்குள் அடுத்த வேலை போய்விடும். பணம் கைமாறும் அதே மேஜையில் செக், சான்றிதழ், ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று எல்லாம் வர வேண்டும். "செக்கைத் தேடி அனுப்புகிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்பாவையும் கூட்டிப் போங்கள், செக் அவருடையது.