சமத்துவம், நியாயம்: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

சமத்துவம் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பு. அந்த மதிப்பு உண்மையாகவே கிடைக்கும்படி பிரித்துக் கொடுப்பது நியாயம். அப்பாவின் சைக்கிளில் சீற்றைப் பதிக்காமல் மகளை ஏற்றினால் அவளுடைய கால் பெடலுக்கு எட்டாது. சைக்கிள் ஒன்றுதான், உயரம்தான் வேறு.

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும், தேவை தெரியாது. அதனால்தான் 'அவனுக்கு மட்டும் கூடுதல்!' என்ற சத்தம் முதலில் வருகிறது. அதை அதட்டி அடக்கவேண்டாம், பாடமே அங்கேதான் தொடங்குகிறது.

நாலு பேருக்கு 12 புளியங்கொட்டை கொடுத்து, பனங்கிழங்கு என்று நினைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். மும்மூன்றாக உடனே பிரித்துவிடுவார்கள். பிறகு இரண்டு சீட்டை வாசித்துக் காட்டி, திரும்பவும் பிரிக்கச் சொல்லுங்கள்: 'ஒருத்தி காலையில் சாப்பிடவில்லை', 'ஒருவன் தனியாகக் கிழங்கு கிண்டினான்'. பசியா, உழைப்பா? இங்கே ஒரே விடை கிடையாது. ஒவ்வொருவரும் காரணம் சொல்லவேண்டும், அமைதியான பிள்ளை முதலில். ஆசிரியர் விடையை முந்திச் சொன்னால் யோசனை நின்றுவிடும். கடைசிச் சுற்றில், பிரிப்பவர் தன் பங்கைக் கடைசியாக எடுக்கவேண்டும். கை தானாகவே கவனமாகும்.

வகுப்பில் உள்ள வறிய பிள்ளையை ஒருபோதும் உதாரணமாக்காதீர்கள். அந்தப் பிள்ளை அன்றோடு வாய் திறக்காது. கற்பனைப் பெயர் போதும்.

பார்வை குறைந்த பிள்ளையை முன்வாங்கில் இருத்துவது செல்லம் கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள்; பின்வாங்கில் இருப்பவருக்குத் தெரியும் அதே கரும்பலகை அந்தப் பிள்ளைக்கும் தெரியத்தான் அந்த இடம்.