கிட்னி விற்பனையைச் சட்டபூர்வமாக்கினால் என்ன தவறு?

கேள்வி: "விற்பவருக்குப் பணம் தேவை, வாங்குபவருக்கு உயிர் தேவை. இருவரும் சம்மதித்த பிறகு அரசு ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? முறைப்படுத்திவிட்டால் புரோக்கர் தொல்லையாவது ஒழியுமே?"

கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் 'உடம்பைப் போய் விற்பதா, சீச்சீ' என்ற காரணத்துக்காக இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்ப் படுத்துக்கிடப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது. என் பெரியப்பா மகன் அப்படிக் கிடந்தவர். அதோடு, உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. இந்த அறுவை சிகிச்சையில் டாக்டருக்குப் பணம், ஆஸ்பத்திரிக்குப் பணம், மருந்துக் கம்பெனிக்கு ஆயுள் முழுக்கப் பணம். கிட்னியைக் கொடுத்தவர் மட்டும் தியாகியாக வீட்டுக்குப் போக வேண்டும்.

சரி, விற்றவர்களுக்கு என்ன ஆனது? இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்கே 'கிட்னிவாக்கம்' என்று பெயர். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002இல் வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். பேசிய தொகையைவிட அது குறைவு. ஆய்வு நடந்தபோது அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பேசிய தொகையைக் கொடுக்காதது புரோக்கர் செய்த மோசடி, அதைச் சட்டம் போட்டுச் சரிசெய்யலாம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்ற பிறகும் கடன் தீராததை எந்தச் சட்டம் சரிசெய்யும்? லாரன்ஸ் கோஹன் என்ற மானுடவியலாளர் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் கவனித்தது எனக்கு இந்த விவாதத்திலேயே முக்கியமானதாகப் படுகிறது. கிட்னி விற்பது பழகிப்போன பகுதிகளில், கடன் கொடுத்தவர்கள் நெருக்குவதும் கூடியிருந்தது. 'இவளிடம் விற்க ஒன்று இருக்கிறது' என்று அவர்களுக்குத் தெரியும். அதாவது கிட்னி அடமானப் பொருளாகிவிடுகிறது. விற்கவே விரும்பாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே நெருக்கடி வரும். 'இருவர் சம்மதம்' என்ற உங்கள் கணக்கில் இந்த மூன்றாமவள் இல்லை. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்றது பற்றி வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். முன்பணம், குழுக் கடன், கந்துவட்டி என்று கழுத்து வரை நின்றவர்களைத்தான் அங்கேயும் புரோக்கர் தேடிப் போனான்.

ஈரானில் இது எண்பதுகளின் கடைசியிலிருந்தே சட்டப்படி நடக்கிறது. அரசு ஒரு தொகை கொடுக்கும், பெறுபவர் தன் பங்குக்குப் பேசிக் கொடுப்பார். அங்கேயும் விற்க வருவது பெரும்பாலும் ஏழைகள்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2012இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், சில கொடுக்கல் வாங்கல்களைச் சமூகம் அருவருக்கிறது என்றால் சந்தையை வடிவமைப்பவர் அதையும் கணக்கில் எடுத்தே தீர வேண்டும் என்றார். வட்டி வாங்குவது ஒரு காலத்தில் பாவமாக இருந்தது, இன்று இல்லை. ஆளை விற்பது ஒரு காலத்தில் சாதாரணம், இன்று குற்றம். எல்லைக்கோடு நகரும், ஆனால் பொருளாதார வகுப்பில் பாடம் எடுத்து அதை நகர்த்த முடியாது. எனவே அவரும் கூட்டாளிகளும் பணமே இல்லாத சந்தை ஒன்றை அமைத்தார்கள். உதாரணமாக, என் கணவரின் ரத்த வகைக்கு என் கிட்னி சேராது, உங்கள் மகனுக்கு உங்களுடையது சேராது, மாற்றிக் கொடுத்துக்கொள்வோம். இங்கே 'ஸ்வாப்' என்கிறார்கள். 1994இல் வந்த நம் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011 திருத்தத்தில் இதை ஏற்றுக்கொண்டது.

பெரியப்பா மகன் என்றேனே, அந்த அண்ணனுக்கு அப்படித்தான் நடந்தது. அவர் ஏ, அண்ணி பி. வேறு ஊரிலிருந்து ஓர் அம்மா, தான் ஏ, மகன் பி. கச்சிதமான பொருத்தம்! அனுமதிக் குழுவுக்கு ரேஷன் கார்டோடு கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போனோம். குழுவில் ஒருவர் கல்யாணப் படத்தோடு நிறுத்தாமல், காதுகுத்துப் படங்களிலும் அண்ணி நிற்கிறாரா என்று தேடினார். நிஜமான குடும்பமா, இதற்காக ஜோடித்ததா என்று பார்க்கிறார்களாம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சிக்கல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பெரியம்மா ஆரம்பித்தார்: "நம்ம மருமக குடுக்கறது முப்பத்தெட்டு வயசுக் கிட்னி. அந்தம்மாது அம்பத்தஞ்சு. ஆஸ்பத்திரிச் செலவுல கொஞ்சம் அவங்க ஏத்துக்கட்டுமே." டாக்டர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினார். பணம் ஒரு ரூபாய் கைமாறினாலும் இது விற்பனை, எல்லோரும் உள்ளே போக வேண்டியதுதான் என்றார். பெரியம்மா பேராசைக்காரர் இல்லை. பண்டமாற்றில் ஏற்ற இறக்கம் தெரிந்தால் வித்தியாசத்தைக் காசாகக் கேட்பது இயல்பு. அந்தக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த ஜோடி கேட்கும், அதற்கடுத்தது பேரம் பேசும், அப்புறம் பேசி முடிக்க ஓர் ஆள் வருவான்.

ஸ்வாப் எல்லோருக்கும் உதவாது. முக்கியமாக, ஓ வகைக் கிட்னி மட்டுமே சேரும் ஓ வகை நோயாளிகள் மாட்டிக்கொள்வார்கள். ஓ வகைக்காரரின் கிட்னி பெரும்பாலும் சொந்த வீட்டு நோயாளிக்கே சேர்ந்துவிடுவதால், அவர் ஸ்வாப்புக்கு வரவேண்டிய அவசியமே இருக்காது. அந்த நோயாளிகளுக்கு நம்பிக்கை மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானம். 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது எவ்வளவு வளர்ந்தது என்பது தெரிந்ததே.

கொடுப்பவர் சும்மா போக வேண்டுமா என்ற உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். 1994 சட்டம் 'பணம் கொடுத்தல்' எது என்று விளக்கும் இடத்திலேயே, தானம் செய்வதால் ஏற்படும் நேரடிச் செலவையும் இழந்த சம்பளத்தையும் ஈடுசெய்வது அதில் சேராது என்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? அண்ணி தையல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஒரு பைசா வரவில்லை, கேட்கலாம் என்று எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. விலை வைப்பதைப் பற்றி வாதாடுவதற்கு முன், அந்தச் சம்பளத்தையும் அதன் பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனையையும் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். சட்டத்தைத் திருத்தாமலே இதைச் செய்யலாம்.