தோடர் பத்தி தேடினா ‘டுடே’ன்னு வந்து விழுதா?

எம்.ஏ. மானுடவியல் படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்காங்க: “நீலகிரி தோடர் பழங்குடிகளோட சாவுச் சடங்கு பத்தி செமினார் பேப்பர் எழுதணும், யுனிவர்சிட்டி லாகின் இருக்கு, ஆனா ஜேஸ்டோர்ங்கிற ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸ்ல தேடினா சம்பந்தமே இல்லாத கட்டுரையா கொட்டுது, எங்க ஆரம்பிக்கிறது?”

முதல்ல நீங்க டைப் பண்ற வார்த்தையைப் பாருங்கம்மா. இங்கிலீஷ்ல ‘டோடா’ன்னு போட்டு கடைசில ஸ்டார் குறி (*) வச்சா ‘டோடாஸ்’ மட்டும் வராது, ‘டுடே’ங்கிற வார்த்தை இருக்கிற கட்டுரை எல்லாமே வரும், ஏன்னா அதுவும் அதே நாலு எழுத்துலதான் ஆரம்பிக்குது. ஸ்டாரை எடுத்தாலும் ஸ்பானிஷ்ல ‘டோடா’ன்னா ‘முழுக்க’ன்னு அர்த்தம், அந்தக் கட்டுரைங்க வேற வந்து நிக்கும். அதனால டோடா, டோடாஸ் ரெண்டுக்கும் நடுவுல ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள்ள வச்சு, பக்கத்துல ‘ஆண்ட் நீல்கிரி’ சேருங்க. பழைய பிரிட்டிஷ்காரங்க அந்த ஊரையே என்-இ-ஐ-எல்-ஜி-எச்-இ-ஆர்-ஆர்-ஒய்னு எழுதியிருக்காங்க, அதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

அடுத்தது, நாம ‘டெத் ரிச்சுவல்’னு யோசிப்போம், எழுதினவங்க வேற சொல் வச்சிருப்பாங்க. மானுடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பத்தி எழுதின 1906 புத்தகத்துல ‘கிரீன் ஃபியூனரல்’, ‘டிரை ஃபியூனரல்’னு ரெண்டா பிரிக்கிறார். உடலை எரிக்கிறது முதல் சடங்கு, அப்போ எடுத்து வச்ச முடி, மண்டையோட்டுத் துண்டுக்கு பிற்பாடு செய்யறது ரெண்டாவது. ‘டிரை ஃபியூனரல்’னு மேற்கோள்குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, குப்பை பெரும்பாலும் கழிஞ்சிடும்.

இதைவிட நேரா போற வழி இ-ஹெச்ராஃப்ங்கிற மானுடவியல் டேட்டாபேஸ். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில 1949ல ஆரம்பிச்ச அமைப்போடது, தோடர்களுக்குத் தனித் தொகுப்பே இருக்கு. இதுல புத்தகத்தை ஒவ்வொரு பத்தியா பிரிச்சு, அது எந்த விஷயம்னு காட்ட நம்பர் குடுத்திருப்பாங்க, ஈமச்சடங்குக்கு 764. தோடர்னு தேர்ந்தெடுத்து 764 போட்டா ரிவர்ஸோட அந்தப் பத்திங்களே வந்து நிக்கும். சந்தா கட்டினாத்தான் திறக்கும், அதனால உங்க லைப்ரரியன்கிட்ட கேட்டுடுங்க. ரிவர்ஸ் புத்தகம் முழுசா ஆர்க்கைவ்.ஆர்க்ல இலவசமா இருக்கு, நம்ம ஊர் பிஎச்டி ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கான்னு ஒரு வெப்சைட் இருக்கு.

ஆனா ரிவர்ஸோட நின்னுடாதீங்க, இது எனக்கு ரொம்ப முக்கியம். அவர் 1901-02ல கொஞ்ச மாசம் இருந்து மொழிபெயர்ப்பாளர் வச்சு கேட்டு எழுதினவர், மொழியியலாளர் எமனோ 1930கள்ல வந்து தோடா மொழியையே கத்துக்கிட்டவர், ரெண்டு பேரும் ஒரே சடங்கை எப்படிச் சொல்றாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. அப்புறம் மானுடவியலாளர் வாக்கர் தோடர்களைப் பத்தி எழுதின 1986 புத்தகத்தோட கடைசில இருக்கிற நூற்பட்டியலை எடுத்து, அதுல உள்ள தலைப்பை ஒவ்வொண்ணா டேட்டாபேஸ்ல போடுங்க.